பாம்பன் காற்றில் ஒரு தீக்குச்சி

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைத்ததில்லை. தீக்குச்சிக்கு அவ்வளவு காற்றெல்லாம் வேண்டாம் சார்... சாதாரண நாளிலேயே மூன்று குச்சி காலி!

2025-ல் திறந்த புதுப் பாலத்தைப் பார்க்க, பக்கத்து ரோடு பாலத்தில் வேனை நிறுத்துகிற கும்பலில் வெளியூர் ஆசாமி யாரென்று சுலபமாகச் சொல்லிவிடலாம். குச்சி குச்சியாகக் கிழித்துக்கொண்டிருப்பார். உள்ளூர்க்காரர் இரண்டு கையையும் குவித்து, முகத்தை அதற்குள் கொண்டுபோய்... ஒரே உரசல். பீடி பற்றிக்கொண்டது!

ராமேஸ்வரத்தில் கையில் புகைவதை வைத்தே ஆளின் பிழைப்பைச் சொல்லலாம். கடலுக்குப் போகிறவருக்கு பீடி. லாட்ஜ் வாசல் வேன் டிரைவருக்கு பில்டர் சிகரெட், அதுவும் சில்லறையாக. மீன் விற்கும் ஆச்சிகள் புகைப்பதில்லை. வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொள்கிறார்கள். பக்தகோடிகளோ அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, பாவம் தொலைந்த ஈரத் தலையோடு பெட்டிக்கடை தேடுகிறார்கள்!

விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. ராத்திரி பூராவும் வலை விடணும், இழுக்கணும், நடுவில் சும்மா காத்திருக்கணும். இலங்கை ரோந்துப் படகு எப்போது வருமோ என்ற திகில் வேறு. ஜெட்டியில் பார்த்த ஒரு பெரியவர் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் பாலிதீன் பையில் மூன்று முடிச்சு போட்டு வைத்திருந்தார்.

"கண்ணு அசந்தா சோலி முடிஞ்சுது தம்பி. படகேறுன மொத வாரமே மாமன்தான் பத்த வச்சுக் குடுத்தாரு."

அதே மாமன் கரையில் எதிரே வந்தால் பீடி முதுகுக்குப் பின்னால் போய்விடுமாம். கடலில் பங்காளி, கரையில் மரியாதை!

'இலைதானே, காகிதம் கெடையாதே' என்று பீடிக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. நிஜம் வேறு. பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி இழுக்கணும், ஆழமாக இழுக்கணும். சிகரெட்டைவிட அதிக நிகோடினும் தாரும் நெஞ்சுக்குள் இறங்குவது அப்படித்தான். 2016-17 தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம்தான். இந்தக் கரையில் பீடி இலை கடத்தல் சரக்கும்கூட! ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை மூட்டையாக இலங்கைக்குப் போகிறது. வாரத்துக்கு வாரம் 'பீடி இலை சிக்கியது' என்று பேப்பரில் செய்தி.

பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது 2008 அக்டோபர் 2-ல். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் பயங்கரப் படம் வந்தது 2016-ல். விட்டுவிட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்று இலவச போன் நம்பரும் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்? படமும் நம்பரும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன! பதினோரு மணி டீக்கு ஆபீஸிலிருந்து இறங்கும் நம் கோஷ்டிக்கும் இதே கதைதான். நம்மை ராத்திரி பூரா கண் விழிக்கச் சொல்லி எந்த மேனேஜரும் நடுக்கடலில் இறக்கிவிடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது எப்படி என்று பெரியவரைக் கேட்டேன்.

"அஞ்சாறுக்கு மேல போகாது தம்பி. பேத்தி கிட்டயே வரமாட்டேங்குது, நாறுதுங்குது."

"அப்படியே விட்டுட வேண்டியதுதானேய்யா?"

பாலிதீன் பையின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"ஜூன் பதினஞ்சு வந்துருதுல்ல..."