பருவுக்கு நான் சொன்ன க்ரீம்

1. முகப்பரு பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். நான் செஞ்ச ஒரு தப்பும் இதுல இருக்கு.

2. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம். சித்தி பொண்ணுக்கு அப்போ 17 வயசு, ரெண்டு கன்னத்துலயும் பரு. சொந்தத்துல ஒரு கல்யாணம், பத்து நாள்தான் இருந்துச்சு. "அண்ணா, நீ டாக்டர்தானே, ஏதாவது சொல்லேன்"னு போன் பண்ணினா. வார்டுல நின்னுக்கிட்டே ஒரு க்ரீம் பேரைச் சொன்னேன். "நைட்டு மட்டும் போடு"ன்னேன். எத்தனை நாள்னு சொல்லல.

3. மூணே நாள்ல சிவப்பு குறைஞ்சு முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. கல்யாண போட்டோ அனுப்பி "சூப்பர்ண்ணா"ன்னா. எனக்கும் பெருமைதான்.

4. அடுத்து அவளைப் பார்த்தது பொங்கலுக்கு. ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. கன்னத்துல மெல்லிய ரத்தக் குழாய் கோடு கோடா தெரியுது. தாடைல பூனைமுடி. முன்னாடி இருந்ததைவிட ரெண்டு மடங்கு பரு. வெயில்ல நின்னாலே எரியுதாம். "நிறுத்தினா திரும்ப வருதுண்ணா, அதான் விடாம போடுறேன்"னா. ஏழு மாசமும் மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே ட்யூப் வாங்கியிருக்கா.

5. நான் சொன்னது மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூணும் கலந்த க்ரீம். மங்குக்காக, டாக்டர் கண்காணிப்புல கொஞ்ச நாள் மட்டும் போட வேண்டியது. அதுல இருக்கிற மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் அது உடனே அமுக்கிடும். அதைப் பார்த்து பரு போயிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். நாள்பட போட்டா தோல் மெலிஞ்சிடும். நிறுத்தினதும் அமுங்கியிருந்த வீக்கம் பல மடங்கா கிளம்பும். பயந்து திரும்பவும் போடுவோம். ஸ்டீராய்டால் பாதிக்கப்பட்ட இந்த மாதிரி முகத்தை எங்க ஓ.பி.யில இன்னைக்கும் பார்க்கிறோம்.

6. அதனால முதல் வேலை, உங்க ட்யூபைத் திருப்பிப் பாருங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன். இதுல எந்தப் பேர் இருந்தாலும் அது பருவுக்கான மருந்து இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சுன்னு வாங்காதீங்க.

7. இனி வீட்டு வைத்தியம். எலுமிச்சைச் சாறு வேண்டாம். அமிலம் அதிகம், பூசிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கறுத்துப் போகலாம். சோடா உப்பு, டூத்பேஸ்ட், பூண்டு மூணும் வேண்டாம். பூண்டை அரைச்சு வெச்சு கொப்புளத்தோட வந்தவங்களைப் பார்த்திருக்கேன். கடலை மாவு, சந்தனம், மஞ்சள் ஒத்துக்கிட்டா போடலாம், ஆனா பரு போயிடும்னு எதிர்பார்க்காதீங்க. எதைப் போட்டாலும் தேய்க்காதீங்க. கிள்ளாதீங்க, தழும்பு நிக்கும்.

8. பரு அழுக்கால வர்றதில்லை, "ரத்தம் கெட்டுப்போனதால"யும் வர்றதில்லை. எண்ணெய்ச் சுரப்பியோட வாய் அடைபட்டு, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குது. அதனால நாளுக்கு ரெண்டு தடவை மிதமான சோப்பு போட்டுக் கழுவினா போதும். ஆறு தடவை கழுவினா தோல் காய்ஞ்சு எரிச்சல்தான் கூடும். நெத்தியில பரு இருந்தா தலைக்கு வைக்கிற எண்ணெய் அங்கே வழியாம பார்த்துக்கோங்க.

9. சாதாரண பருவுக்கு மெடிக்கல்ல கேட்க வேண்டியது பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல். 10% போட்டா சீக்கிரம் போகும்னு இல்லை, எரிச்சல்தான் அதிகம். முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி, பரு மேல மட்டும் புள்ளி வைக்காம, பரு வர்ற இடம் முழுக்க மெல்லிசா தடவுங்க. தலையணை உறை, துண்டு வெளுத்துப் போகும், பழசைப் பயன்படுத்துங்க. கரும்புள்ளி அதிகம்னா சாலிசிலிக் அமிலம் 2% ஃபேஸ்வாஷ் கொஞ்சம் உதவும். அடாப்பலீன் நல்ல மருந்து, ஆனா டாக்டர்கிட்ட கேட்டுப் போடுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, அதுக்குத் திட்டமிடுறவங்க அதைத் தொடக்கூடாது.

10. பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இன்னைக்குக் கண்ணுக்குத் தெரியிற பருவோட அடைப்பு பல வாரம் முன்னாடியே ஆரம்பிச்சது. மூணு நாள்ல முகம் பளபளன்னு ஆனா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

11. வலியோட பெரிய கட்டிகளா வந்தா, தழும்பு விழுந்தா, பருவோட மாதவிடாயும் தள்ளிப்போனா, ஏற்கனவே ஸ்டீராய்டு க்ரீம் போட்டுட்டு இருந்தா நீங்களா எதையும் செய்யாம தோல் டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல தோல் பிரிவு இருக்கு, ஓ.பி. இலவசம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு பிள்ளைங்களைக் காக்க வைக்காதீங்க.

12. தங்கச்சி முகம் தேற ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல பாதி நாள் துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டுத்தான் காலேஜ் போனா. ஒரு நாள்கூட என்னைத் திட்டல. "நீதானே சொன்ன, அதான் நம்பினேன்"னு ஒரே ஒரு தடவை சொன்னா. இப்போ யார் போன்ல க்ரீம் கேட்டாலும், பேர் சொல்றதுக்கு முன்னாடி எத்தனை நாள்னு சொல்றேன். அதைச் சொல்ல முடியலன்னா, ஓ.பி.க்கு வாங்கன்னு சொல்லிடுறேன்.