இரண்டாம் திரை

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் நாம் முதலில் செய்வது தீர்ப்புச் சொல்வது. "பழசாகிவிட்டது, தூக்கிப் போடு" என்பார் ஒருவர். "அன்றே சொன்னேன், கேட்டீர்களா?" என்பார் மற்றொருவர். பழுது எங்கே இருக்கிறது என்று பொறுமையாகத் தேடுகிறவர் குடும்பத்தில் ஒருவர் இருந்தால், அவரால் மிச்சப்படும் பணமும் மனக்கசப்பும் கொஞ்சநஞ்சமன்று. 2024 ஜூன் மாதத்தில் எங்கள் இல்லத்தில் நடந்ததை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கணினி பற்றிய செய்தியாயிற்றே என்று எவரும் பக்கத்தைப் புரட்ட வேண்டா. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சிற்றூர் எங்களுடையது. என் மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வடநாட்டுச் சாலைகளில் கழியும். மருமகள் வணிகவியல் பட்டம் பெற்றவள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், உதிரிபாகக் கடைகள் என ஆறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தபடியே வரிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறாள். பேத்தியின் பள்ளிக் கட்டணம் அந்த வருமானத்திலிருந்துதான் போகிறது.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அது முதல் இந்தக் கணக்கு வேலைக்குத் தனியொரு தாளம் உண்டு. ஒரு பட்டறைக்காரர் இரும்பும் மரமும் வாங்கும்போது கட்டிய வரியை, தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் அந்த விற்பனையைத் தம் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டப்பட்டவற்றின் பட்டியல் மாதந்தோறும் 14-ஆம் தேதியளவில் அரசின் இணையதளத்தில் வெளியாகும். மாதந்தோறும் கணக்குக் கொடுப்போர் 20-ஆம் தேதிக்குள் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வரி பாக்கி உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி.

ஆகவே அந்த ஐந்தாறு நாள்களில் அவள் செய்யும் வேலை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒருபுறம் பட்டறையின் கொள்முதல் கணக்கு, மறுபுறம் அரசின் பட்டியல். இரண்டையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால், ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்கும் கண நேரத்துக்கு எண்களை மனத்தில் சுமக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பில்களுக்கு அப்படிச் சுமப்பது எளிதன்று. அதனால்தான் சேலத்தில் பழைய கணினிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் இருபது அங்குலத் திரை ஒன்றை வாங்கி, மடிக்கணினியோடு இணைத்துக் கொடுத்திருந்தோம்.

மடிக்கணினியின் வரலாறு

அந்த மடிக்கணினிக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின்கீழ், மேல்நிலை வகுப்பில் படித்தபோது என் மருமகளுக்குக் கிடைத்தது அது. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய பணி. பின்னர் உலகெங்கும் பல்லாயிரவர் சேர்ந்து வளர்த்தனர். எவரும் இலவசமாகப் பெறலாம், படியெடுக்கலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். விண்டோஸ் 7-க்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. புதிய பதிப்பை அந்தப் பழைய கணினி தாங்காது. எனவே நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் மின்ட் என்ற எளிய வகையை நிறுவிக்கொண்டாள். வரித்தளம் உலாவியில்தான் திறக்கிறது. தனி உரிமையாளர்களின் அறிக்கைக்குக் கைப்பேசியில் வரும் கடவு எண்ணே கையொப்பமாகிறது. ஆகவே அவளுடைய வேலைக்கு லினக்ஸ் போதுமானதாக இருந்தது.

எட்டா, மூன்றா?

அந்த ஜூன் மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மேசையை நகர்த்தி, கம்பிகளைக் கழற்றி, வேலை முடிந்தபின் மறுபடியும் பொருத்தினார்கள். பட்டியல் வெளியாகி அவள் வேலைக்கு உட்கார்ந்தபோது இரண்டாம் திரை கலங்கித் தெரிந்தது. எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டு அகன்றிருந்தன. சில வேளைகளில் திரை அடியோடு இருண்டுபோகும்.

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்க. இது எட்டா மூணான்னே எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. வரிக் கணக்கில் மூன்றை எட்டென்று படித்தால் பிறருடைய பணத்தில் கை வைத்ததாகிவிடும். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

16-ஆம் தேதி மடிக்கணினியையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் அந்தக் கம்பியாலேயே தம் திரையில் இணைத்துப் பார்த்தார். அங்கும் கலங்கல். "மதர்போர்டு போய்விட்டது. புதிதாக வாங்குவதுதான் நல்லது" என்றார். உடனிருந்த மற்றொருவர், "லினக்ஸ் போட்டால் இப்படித்தான்" என்றார். புதிய மடிக்கணினிக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. பேத்தியின் கட்டணத்துக்கு எடுத்துவைத்திருந்த பணத்தைத் தொட வேண்டும். மீதிக்கு நகையை அடகு வைக்க வேண்டும். திரும்பி வரும் வழியில் பேருந்தில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

லாரிக்காரன் சொன்ன வழி

18-ஆம் தேதி இரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். கணினியைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. ஆனால் லாரியின் பின்விளக்கு எரியாவிட்டால் என்ன செய்வது என்பது தெரியும். பல்பை மாற்றிப் பார்ப்பான், பிறகு ஃபியூஸ், பிறகு சோதனை விளக்கால் ஒயரை முனைமுனையாகத் தொட்டுப் பார்ப்பான்.

"அப்பா, கடையில திரை மாறிடுச்சு, சரி. வேற எதெது மாறுச்சு, எது மாறலைன்னு பாத்தீங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தேடத் தொடங்கினோம்.

முதலில், திரையிலிருந்து கம்பியைக் கழற்றினோம். 'இணைப்பு இல்லை' என்று திரை தானாகவே காட்டும் அறிவிப்பு வந்தது. அதன் எழுத்துகள் பளிச்சென்று கூர்மையாக இருந்தன. ஆகத் திரையின் கண்ணாடியில் குறையில்லை.

இரண்டாவதாக, பக்கத்து வீட்டுப் பையனின் மடிக்கணினியை வாங்கி வந்து அதே கம்பியால் எங்கள் திரையோடு இணைத்தோம். அதில் இருந்தது விண்டோஸ். அதுவும் கலங்கலாகவே தெரிந்தது. இவ்வாறு மதர்போர்டின் மேலும் லினக்ஸின் மேலும் சுமத்திய பழி ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டது. கடையில் திரை மாறியது. வீட்டில் கணினி மாறியது. இரண்டு இடத்திலும் மாறாமல் உடன் வந்தது கம்பி ஒன்றுதான்.

மூன்றாவதாக, கைவிளக்கைப் பிடித்துக் கம்பியின் முனையைப் பார்த்தோம். அது வி.ஜி.ஏ. என்னும் பழைய வகை. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. மூன்று வரிசைகளில் வரிசைக்கு ஐந்தாக மொத்தம் 15 ஊசிகள். எங்கள் கம்பியில் மூன்றாம் வரிசையின் கடைசி ஊசி, அதாவது பதினைந்தாவது, அடியோடு முறிந்திருந்தது. (ஒன்பதாவது ஊசி சில கம்பிகளில் இயல்பாகவே இராது. அதைக் கண்டு மருள வேண்டியதில்லை.)

ஓர் ஊசி போனதற்கு எழுத்து ஏன் கலங்க வேண்டும்? சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை முதல் மூன்று ஊசிகள் கொண்டுசெல்கின்றன. பன்னிரண்டாவதும் பதினைந்தாவதும் வேறொரு பணிக்காக உள்ளவை. திரையானது தன்னைப்பற்றிய விவரத்தை, தன் அகலம் உயரம் இவ்வளவு புள்ளிகள் என்பதை, அவற்றின் வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. 128 பைட் அளவேயான இந்தச் சிறு குறிப்புக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். அது வந்து சேராவிட்டால் எந்தத் திரை இணைந்திருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. எல்லாத் திரைக்கும் பொருந்தக்கூடிய 1024-க்கு 768 என்ற பொது அளவில் படத்தை அனுப்பிவிடும். எங்கள் திரையோ 1600-க்கு 900 புள்ளிகள் உடையது. சிறிய படத்தைப் பெரிய சட்டத்தில் இழுத்துப் பொருத்தியதால் எழுத்து அகன்று கலங்கியது. இணைப்பு உண்டா இல்லையா என்பதே கணினிக்குச் சில வேளை ஐயமாகிவிட, திரை இருண்டது.

அன்றிரவே கிடைத்த வழி

இரவு ஒன்பது மணிக்கு எங்கள் ஊரில் புதிய கம்பிக்கு எங்கே போவது? இங்கேதான் லினக்ஸ் கைகொடுத்தது. திரை தன் அளவைச் சொல்லாவிட்டால், நாமே கணினிக்குச் சொல்லலாம். முனையம் எனப்படும் கட்டளைப் பலகையில் 'எக்ஸ்ராண்டர்' என்று தட்டினாள். இணைந்துள்ள திரைகளின் பெயரும் அளவும் பட்டியலாக வந்தன. உள் திரைக்கு ஒரு பெயர், வெளித் திரைக்கு வி.ஜி.ஏ.-1 என்று பெயர். வெளித் திரைக்கு நேரே 1600 அளவு காணப்படவில்லை.

அந்தக் கணினியிலேயே உள்ள கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் படித்துப் பொருள் சொன்னேன்; அவள் தட்டினாள். 'சி.வி.டி.' என்ற கட்டளையோடு 1600, 900 என்று கொடுத்தால், அந்த அளவுக்கு வேண்டிய கணக்கு எண்களைக் கணினியே வரியாகத் தருகிறது. அந்த வரியைக் கொண்டு எக்ஸ்ராண்டரில் புதிய அளவு ஒன்றை உண்டாக்க வேண்டும். பிறகு அதை வி.ஜி.ஏ.-1-இன் பட்டியலில் சேர்க்க வேண்டும். கடைசியாக, அந்த அளவில் உள் திரைக்கு வலப்பக்கத்தில் நிற்குமாறு வெளித் திரைக்குக் கட்டளையிட வேண்டும். மூன்றே கட்டளைகள்.

மூன்றாவதைத் தட்டியதும் திரை ஒரு கணம் கறுத்து, பின் தெளிந்தது. எட்டு எட்டாகவும் மூன்று மூன்றாகவும் நின்றன. மருமகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்க போய்ப் படுங்க. நான் முடிச்சிடுறேன்" என்றாள்.

ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் இக்கட்டளைகள் தாமே ஓடும்படி, 'எக்ஸ்புரொஃபைல்' என்ற கோப்பில் எழுதிவைத்தாள். ஆறு அறிக்கைகளும் 19-ஆம் தேதி இரவுக்குள் தாக்கலாயின. அந்த வாரமே நாமக்கல்லில் 150 ரூபாய்க்கு வேறொரு கம்பி வாங்கினோம். அதைப் பொருத்தியதும் திரை தன் அளவைத் தானே சொல்லிக்கொண்டது. கோப்பில் எழுதிய வரிகளை நீக்கிவிட்டோம். பேத்தியின் கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது.

இல்லத்தோருக்குச் சில சொற்கள்

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிவடைந்தது. நல்ல நிலையில் உள்ள கணினிகள் பல, பழையவை என்று ஒதுக்கப்படும் காலம் இது. அவற்றில் லினக்ஸ் போட்டு, இரண்டாம் திரை இணைக்க நினைப்போர்க்குச் சில குறிப்புகள்.

திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், திரையின் பொத்தானை அழுத்தி எந்த இணைப்பு வழியைத் தேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரு திரையிலும் ஒரே படம் வந்தால், அது பழுதன்று. அமைப்புகளில் 'நீட்டித்தல்' என்பதைத் தேர்ந்தால் போதும். சுட்டி வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் போனால், அங்கேயே திரைப் படங்களை இழுத்து இடம் மாற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள கணினியைப் பழைய வி.ஜி.ஏ. திரையோடு சேர்க்கச் சாதாரணக் கம்பி உதவாது. சைகையை மாற்றித் தரும் சிறு கருவி வேண்டும். புதிய லினக்ஸ் வகைகள் பலவற்றில் வேலண்ட் என்ற முறை வந்துவிட்டது. அங்கே எக்ஸ்ராண்டர் கட்டளையால் அளவை மாற்ற இயலாது. அமைப்புகளில்தான் மாற்ற வேண்டும். தமிழிலேயே கற்க விரும்புவோர்க்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் 'கணியம்' மின்னிதழ் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போகும். மாற்றியது எது, மாறாதது எது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. வடநாட்டுச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ஒயரைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்கிறது. வீட்டுப் பெண்கள் செய்யும் வேலைக்கு வேண்டிய கருவி பழுதானால், அதைச் சிறு காரியம் என்று தள்ளாமல், அவர்கள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து கைவிளக்கைப் பிடிக்கவாவது நம்மால் முடியும்.