அம்மா பின்னால் இருக்கும்போது

மேசைமேல் அசையாமல் கிடக்கும் செல்போனுக்குள்ளும் ஓர் எண் பதிவாகிக்கொண்டே இருக்கும்: 9.8. புவியீர்ப்பு. உள்ளே இருக்கும் முடுக்கமானியில் ஒரு நுண்ணிய சிலிக்கான் துண்டு, ஸ்பிரிங்கில் கட்டியது போல நிற்கிறது. போன் குலுங்கினால் அது நகரும். நகர்ந்த அளவு எண்ணாகும். வண்டி குழியில் இறங்கினால் 9.8 சட்டென்று சரிந்து எகிறும். எந்த இடம் என்பதை ஜிபிஎஸ் சொல்லிவிடும்.

2008இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பாஸ்டன் டாக்சிகளில் இத்தகைய உணரிகளைப் பொருத்திக் குழிகளைத் தேடினார்கள். அதே ஆண்டு பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் செல்போனை வைத்தே குழியையும் ஹாரன் சத்தத்தையும் கண்டறிய முயன்றது.

நானும் செய்து பார்த்தேன். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ் செயலி, பைக்கில் ஒரு ஹோல்டர். வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே பாதை, ஒரு வாரம்.

கோடுகளை அடுக்கிப் பார்த்தால், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ரோடு அருமையான ரோடு. அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும் நாட்கள் அவை. இடுப்பு வலி. பின்னாலிருந்து, "வேப்பமரம் வருது, மெதுவாப் போடா" என்பாள்.

வேகம் மாறினால் அதிர்வும் மாறும். பெங்களூர் குழு இதற்காகவே குறைந்த வேகத்துக்கு ஒரு கணக்கும், கூடுதல் வேகத்துக்கு வேறொரு கணக்கும் வைத்திருந்தது. ஆனால் குழியைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவனை, அதிர்வை மட்டும் பார்க்கும் எந்தக் கணக்கும் பிடிக்காது.

பாஸ்டன் நகரம் 2012இல் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஏழைகளிடமும் முதியவர்களிடமும் ஸ்மார்ட்போன் குறைவு, அவர்கள் பகுதிக் குழிகள் அதில் விடுபடும் என்று கேட் கிராஃபோர்ட் அடுத்த ஆண்டு எழுதினார். நகர நிர்வாகமும் இதை அறிந்தே இருந்தது.

எங்கள் பாதையில் போன் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. ஆனாலும் அந்தக் குழிகள் யாருக்கு அதிகம் வலிக்குமோ, அவள் வந்த நாட்களில்தான் ரோடு பழுதில்லாமல் தெரிந்தது. நாலு பேர் இப்படி ஜாக்கிரதையாக ஓட்டினால், சரிசெய்ய வேண்டிய பட்டியலில் அந்த ரோடே இருக்காது.

இப்போது வேகத்தையும் பார்க்கிறேன். திருப்பமோ சிக்னலோ இல்லாத இடத்தில் வண்டி பத்து கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால், அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பால் பூத்துக்கிட்ட ஒண்ணு விட்டுட்டியே. அங்க நீ வேகத்தக் குறைக்க மாட்ட, வளைச்சுக்கிட்டுப் போயிடுவ. அதையும் வை."

வைத்தேன்.