படிப்பு முடிய டீன் எங்கே போகும்?

நாங்கள் நாய்க்குட்டி எடுக்கத்தான் போனோம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதையைக் கேட்கிற எல்லோரும் நாங்கள் ஏதோ பெரிய சீவகாருண்யத்தோடு புறப்பட்டுப் போய், வளர்ந்த நாய் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்த மாதிரி நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியது குட்டி. காது மடிஞ்ச, மடியில வச்சுப் படம் எடுக்கக்கூடிய ஒரு குட்டி.

நாங்கள் என்றால் மூன்று பேர். கலைப்பீடம், அப்போது மூன்றாம் வருடம். ஒருத்தி மன்னார், ஒருத்தி மூதூர், ஒருத்தி கிளிநொச்சி. திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். கள்ளர் பயம், ஒரு நாய் நிண்டால் நல்லது என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டோம். கள்ளன் வந்தாலும் எடுக்கிறதுக்கு எங்களிடம் ஒரு பழைய லப்டொப்பும் இரண்டு மின்விசிறியும்தான் இருந்தன. அவ கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "கடுவன் எண்டால் வைச்சிருங்கோ. பெட்டை வேண்டாம்" எண்டா.

எங்களையும் ஊரில் பெட்டையள் என்றுதான் சொல்லுறவை. அதை அப்போது பகிடியாகத்தான் எடுத்தோம்.

ஆனால் இந்த "பெட்டை வேண்டாம்" தான் யாழ்ப்பாணத்தில் பாதி நாய்களின் தலைவிதி. வீட்டில் நாய் குட்டி போட்டால் கடுவன்களைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். மிஞ்சுகிற பெட்டைக் குட்டிகள் உரப்பையிலோ காட்போட் பெட்டியிலோ இரவோடு இரவாகச் சந்தையடிக்கோ கோயிலடிக்கோ மதகடிக்கோ போகும். தப்பிப் பிழைக்கிறது வளர்ந்து அதே சந்தையடியில் குட்டி போடும். நாய்க்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு அதே சனம்தான் "கட்டாக்காலி நாய்த் தொல்லை தாங்க முடியேல்லை" என்று பிரதேச சபைக்கு மனுக் கொடுக்கும்.

முந்தி உள்ளூராட்சி சபைகள் நாய்களைப் பிடித்துக் கொன்றன. 2006இல் இனிக் கொல்வதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தது. நல்ல முடிவு. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. அது நடக்கிற வேகத்தை விடக் குட்டிகள் பிறக்கிற வேகம் கூட. இடையில் நிற்பவை காப்பகங்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று ஒரு சரணாலயமே வைத்திருக்கிறது. நாங்கள் போனது அவ்வளவு பெரிய இடம் இல்லை. ஒரு அன்ரி தன்ர சொந்த வளவுக்குள்ள, தகரக் கொட்டிலும் கம்பி வலையும் அடிச்சு வச்சிருக்கிற இடம். அவவுக்கு விளம்பரம் பிடிக்காது. அதனால் பெயரும் ஊரும் வேண்டாம்.

சனிக்கிழமை காலமை ஓட்டோவில் போய் இறங்கினோம். படலையடியிலேயே மணம் வந்துவிட்டது. நாய் மணம் மட்டும் இல்லை, கிடாரத்தில் வேகிற குறுணல் அரிசியும் கோழிக்கடையில் வாங்கின தலை, கால், கழுத்து எல்லாம் சேர்ந்த ஒரு மணம். ஒரு முப்பது நாய் இருக்கும். மூன்று காலில் ஒன்று, கண் தெரியாத ஒன்று, வாகனம் அடிச்சு இடுப்பு விழுந்த ஒன்று. மிச்சமெல்லாம் ஒரு குறையும் இல்லாத சாதாரண நாய்கள். எங்களுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. காப்பகம் என்றால் நொண்டியும் குருடும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

அன்ரி தேத்தண்ணி தந்தா. பிறகு ஒரு கொப்பியை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினா. வீடு சொந்தமோ வாடகையோ? மதில் இருக்கோ? பகலில யார் நிக்கிறது? மூன்று பேரும் மாறி மாறிப் பதில் சொன்னோம். வைவா மாதிரித்தான் இருந்தது.

"எத்தினையாம் வருஷம் பிள்ளையள்?"

"மூண்டாம் வருஷம் அன்ரி."

"அப்ப இன்னும் ஒண்டரை வருஷம் எண்டு வையுங்கோவன். பிறகு?"

"பிறகு...?"

"படிப்பு முடிய நீங்கள் வீட்டை போயிடுவியள். நாய் எங்க போகும்?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "யாராவது பாப்பினம்தானே அன்ரி" என்று மூதூர்க்காரி சொன்னாள். சொன்ன உடனேயே அது எவ்வளவு கேவலமான பதில் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அன்ரி பேசவில்லை. எழும்பி, "வாங்கோ, ஒராளைக் காட்டுறன்" எண்டா.

கொட்டில் மூலையில், மற்ற நாய்களோடு சேராமல், மண்ணிற நாய் ஒன்று படுத்திருந்தது. பெட்டை. மூன்று நாலு வயதிருக்கும். படலைக்கு வெளியே மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கும். சத்தம் தாண்டிப் போனதும் திரும்பப் படுக்கும்.

"இதுக்குப் பேர் டீன்" எண்டா அன்ரி.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீடாதிபதியின் பெயரை நாய்க்கு வைக்கிற ஆட்கள் யாராக இருக்கும்? எங்களைப் போல ஆட்கள்தான். நாலு பொடியள், வாடகை வீடு, முதலாம் வருடத்தில் மழைக்குள்ள நனைஞ்சுகொண்டு நிண்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். நல்லாத்தான் வளர்த்திருக்கிறார்கள். கருத்தடை கூடச் செய்திருக்கிறார்கள். கடைசிச் சோதனை முடிய ஒவ்வொருத்தராக ஊருக்குப் போய்விட்டார்கள். பூட்டின கேற்றடியில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்த நாயைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அன்ரி அந்தப் பொடியளைத் திட்டவில்லை. "நல்ல பிள்ளையள்தான், யோசிக்கேல்லை" என்று மட்டும் சொன்னா. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

2022இல் அரிசியும் மாவும் விலை ஏறினபோது, வீட்டில் செல்லமாக வளர்த்த நாய்களையே சனம் கொண்டுவந்து படலையில் கட்டிப்போட்டு ஓடினது என்றா. அவர்களுக்குப் பசி. இந்தப் பொடியளுக்கு அதுகூட இல்லை. இடம் மாறினார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினோம். இரவு அறையில் சண்டை. மன்னார்க்காரிக்கு அன்ரி மேல் கோபம்: "வடிவாப் பாக்கிறம் எண்டு சொல்லுறம், இவ என்ன கலியாணம் பேசுற மாதிரி விசாரிக்கிறா?" அவள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சந்தையடியில் பெட்டிக்குள் கிடக்கிற குட்டியைத் தூக்கிவந்தால் ஒரு கேள்வியும் இல்லை. காப்பகத்தில் எடுக்கப் போனால்தான் விசாரணை. கன பேர் இதனால்தான் காப்பகப் பக்கமே போவதில்லை. காசு இருக்கிறவர்கள் நல்ல சாதி நாய் விலைக்கு வாங்குகிறார்கள். (நாய்க்கும் சாதி பார்க்கிற ஊர் எங்கள் ஊர். அதைத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) ஆனால் அன்ரியின் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை என்பதும் உண்மை. கம்பஸ் கன்ரீனடியில் திரிகிற நாய்களை யோசித்தோம். ஒவ்வொரு பட்சும் ஒரு பேர் வைக்கும், பிஸ்கட் போடும், படம் எடுத்து ஸ்டோரி போடும். 2020 மார்ச்சில் கம்பஸைப் பூட்டினபோது அவை என்ன தின்றன என்று நாங்கள் ஒரு சீனியரிடமும் இதுவரை கேட்டதில்லை.

கிளிநொச்சிக்காரி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல அம்மாவுக்குப் போன் எடுத்தவள், கதையோடு கதையாக டீனின் கதையையும் சொல்லியிருக்கிறாள். அவளின் அம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் இவள் அழுது கேட்டும் ஒரு குட்டி வாங்கிக் கொடுக்கவில்லை. மயிர் கொட்டும், இழுப்பு வரும் என்பா. இவளும் அதை அப்படியே நம்பி வளர்ந்தவள்.

அன்றைக்கு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்களும் ஒண்டை விட்டிட்டு வந்தனாங்கள்" எண்டா.

அம்மாவின் ஊர் வலிகாமம். 1995 ஒக்டோபர் 30. பின்னேரம் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளிக்கிடச் சொல்லி அறிவித்துக்கொண்டு போனார்கள். அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வீட்டில் வீரன் என்று ஒரு நாய். அது பின்னால் வரும் என்று தெரியும். நாவற்குழிப் பாலத்தடியில் அவ்வளவு சனத்துக்குள், மழைக்குள், மிதிபட்டுச் செத்துப் போயிடும் என்று பயந்து, அம்மாதான் தன் கையால் மாமரத்தோடு கட்டினாவாம். ஒரு சட்டி சோறும் ஒரு வாளி தண்ணியும் வைத்தாவாம். இரண்டு மூன்று நாளில் வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் சாவகச்சேரியில் கொஞ்சக் காலம் இருந்து, அடுத்த வருடம் கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனார்கள். ஊருக்குத் திரும்பவே இல்லை.

"கட்டாமல் விட்டிருக்கலாம். எங்கயாவது போய்ப் பிழைச்சிருக்கும்" என்றாவாம். பிறகு உடனே, "அது பெட்டையோ? கருத்தடை செய்ததோ?" என்று கேட்டாவாம்.

இரண்டு நாள் கழித்து அம்மாவே போன் எடுத்தா. "நீங்கள் படிப்பு முடிய இஞ்ச கொண்டுவந்து விடுங்கோ. என்ர பேரைக் குடுங்கோ." நாங்கள் திரும்பப் போய் அன்ரியின் கொப்பியில் கிளிநொச்சி விலாசமும் அம்மாவின் அடையாள அட்டை இலக்கமும் எழுதினோம். அன்ரி அந்த இடத்திலேயே அம்மாவுக்குப் போன் போட்டுக் கதைத்தா. அரை மணித்தியாலம். என்ன கதைத்தார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

டீன் வந்த கதை அழகான கதை இல்லை. முதல் நாலு நாள் கட்டிலுக்குக் கீழே. சாப்பாடு இல்லை. ஐந்தாம் நாள் இரவு மதில் பாய்ந்து ஓடிவிட்டது. விடியப் பார்த்தால் பழைய பொடியள் இருந்த வீட்டுக் கேற்றடியில் படுத்திருக்கிறது. அங்கே இப்போது வேறு குடும்பம். இப்படி நாலு தரம் நடந்தது. நாலாம் தரம் நாங்கள் போனபோது எங்களைக் கண்டு எழும்பி வந்தது. வாலாட்டவில்லை, சும்மா எழும்பிப் பக்கத்தில் நடந்து வந்தது.

வீட்டுக்காரம்மா ஒரு கிழமை கழித்துத்தான் கவனித்தா. "இது பெட்டையெல்லோ?" கருத்தடை செய்தது, குட்டி போடாது என்று விளங்கப்படுத்தினோம். அன்ரி தந்த அட்டையைக் காட்டினோம். அரை மனசோடு உள்ளே போனா. இப்போது மீன் வெட்டுகிற நாட்களில் தலையை டீனுக்கு என்று எடுத்து வைக்கிறா, ஆனால் டீன் என்று கூப்பிட மாட்டா. படிப்பிக்கிற ஆக்களின்ர பேர் சொல்லி நாயைக் கூப்பிடக் கூடாதாம்.

உண்ணி எடுக்கும்போது ஒருநாள் மன்னார்க்காரியின் கையில் பல் பட்டுவிட்டது. சின்னக் காயம்தான், ஆனால் விசர்நாய்க்கடி விளையாட்டில்லை. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக மருந்தே இல்லாத நோய் அது. குழாய்த் தண்ணியைத் திறந்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவினோம். பிறகு அரச ஆஸ்பத்திரி. நீண்ட வரிசை. டொக்டர் நிமிராமலே கேட்டார்:

"வீட்டு நாயோ, கட்டாக்காலியோ?"

"வீட்டு நாய்" என்றோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில். தடுப்பூசி அட்டையை நீட்டினோம். வருடா வருடம் போட்ட திகதி எல்லாம் அதில் இருந்தது, அந்தப் பொடியள் போட்டதும் உட்பட. நாயை இரண்டு கிழமை கவனிக்கச் சொன்னார். அந்த இரண்டு கிழமையும் டீனை விட நாங்கள்தான் சாப்பாடு இறங்காமல் இருந்தோம். டீன் நன்றாகச் சாப்பிட்டது.

இவ்வளவும் சொன்னதால், நீங்களும் போய் எடுங்கள் என்று சொல்ல வருகிறோம் என்று நினைக்க வேண்டாம். போடிங்கில் இருக்கிற பட்ச்மேற்ஸ் கேட்டால் நாங்கள் அன்ரியின் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறோம். சிலருக்குக் கோபம் வருகிறது. மிருகவதையைத் தடுக்க 1907இல் வந்த கட்டளைச்சட்டம் போட்ட ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபாய். நாயை விட்டுவிட்டுப் போனால் உங்களை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வாரத்தில் ஒருநாள் காப்பகத்துக்குப் போய்க் கிடாரம் கழுவிக் கொடுத்தாலும் பெரிய உதவி. நாங்கள் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறோம். டீனைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. திரும்ப விட்டுவிட்டுப் போகிறோம் என்று நினைத்துவிடும்.

இப்போது நாலாம் வருடம். ஆய்வுக்கட்டுரை பாதியில் நிற்கிறது. சோதனைத் திகதி இரண்டு தரம் பின்போடப்பட்டுவிட்டது. வழக்கமாக இதற்குத் திட்டுகிற நாங்கள் இந்தமுறை அவ்வளவாகத் திட்டவில்லை. கிளிநொச்சிக்கு பஸ்ஸில் நாய் ஏற்ற மாட்டார்கள், ஓட்டோவுக்கு எவ்வளவு முடியும் என்று விசாரித்து வைத்திருக்கிறோம். போன கிழமை, வரேக்க நல்ல சங்கிலி ஒண்டு யாழ்ப்பாணத்தில வாங்கிக்கொண்டு வரட்டோ என்று அம்மாவிடம் கேட்டோம்.

"சங்கிலி ஒண்டும் வேண்டாம்" எண்டா. "அப்பா வேலி அடைக்கிறார்."