12-ஆம் கேள்வி

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னே போட்டுடலாம்ல வக்கீல் சார்?"

கேட்டது பையன் இல்லை, அப்பா. 2023 அக்டோபர். மேற்குத் தாம்பரத்தில் என் அலுவலக மேசைமேல் அட்டஸ்டேஷன் ஃபார்ம் விரித்துக் கிடந்தது. மகனுக்கு மத்திய அரசுத் துறை ஒன்றில் வேலை. ரகசியக் கோப்புகள் புழங்கும் பிரிவு. எழுத்துத் தேர்வும் மெடிக்கலும் முடிந்துவிட்டன. மிச்சம் இந்த ஃபார்ம், அதை வைத்து நடக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன், சந்தேகம் வந்தால் ஒரு நேர்காணல். ஜெராக்ஸ் கடைக்காரர் பென்சிலால் வரிசையாக 'இல்லை' என்று குறித்தே கொடுத்து அனுப்பியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இந்த வகை ஃபார்ம் வந்து போகாத தெரு குறைவு. விமானப்படைத் தளம், பரங்கிமலை ராணுவ அகாடமி, மீனம்பாக்கம் விமான நிலையம், தெற்கே போனால் கல்பாக்கம். எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முன்கதையைக் கிளறிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். ஃபார்ம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழில் இருக்காது. அதில் 12-ஆம் கேள்விதான் ஆளைக் கவிழ்ப்பது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதா, கோர்ட்டில் அபராதம் கட்டினீர்களா, இப்போது ஏதாவது வழக்கு நிலுவையில் உண்டா என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கேள்விகள். தகவலை மறைத்தால் வேலை போகும் என்ற எச்சரிக்கை ஃபார்மின் தலையிலேயே இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

பையனின் கதை சின்னது. 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு. வண்டலூர்ப் பக்கம் பைக்கில் போனவனை மடக்கி, வண்டியைப் பறித்துக்கொண்டு, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். "கைதெல்லாம் இல்ல சார், ஒரு பேப்பர்ல சைன் மட்டும்தான் போட்டேன்" என்றான். அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். "அதான் முதலமைச்சரே வாபஸ்னு சொல்லிட்டாரே!"

சொன்னது உண்மைதான். 2021 பிப்ரவரியில், வன்முறை போன்றவை நீங்கலாக, சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆனால் மேடையில் அறிவித்ததும் வழக்கு கரைந்துபோகாது. கோப்பில் ஒரு தாள் ஏற வேண்டும். அந்தத் தாள் ஏறியதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்க வழி உண்டு. எண் தெரியாமல் எப்படித் தேடுவது? வண்டியைத் திரும்ப வாங்கியபோது கொடுத்த துண்டுச் சீட்டைப் பையனின் அம்மா, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்தார். அதில் இருந்தது குற்ற எண். எடுத்துப் பார்த்தோம். இந்திய தண்டனைச் சட்டம் 188, 269. 'எதிரி' என்ற இடத்தில் தன் பெயரைப் பார்த்ததும் பையனின் முகம் வெளுத்துவிட்டது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போலீஸ் தமிழில் அப்படித்தான் எழுதுவார்கள், தம்பி, பயப்படாதே என்றேன். நான் பயந்தது கடைசி வரியைப் பார்த்து: எதிரியைக் கைது செய்து, நிலையப் பிணையில் விடுவித்ததாக எழுதியிருந்தது. அவன் 'சைன் மட்டும்' போட்ட பேப்பர் ஜாமீன் பத்திரம்.

ஆக, அவனைப் பொறுத்தவரை நடக்காத ஒரு கைது, காகிதத்தில் நடந்திருந்தது. வெரிஃபிகேஷனுக்கு வரும் ஏட்டு பார்க்கப்போவது காகிதத்தைத்தான்.

அடுத்தது அந்தக் காகிதத்தின் முடிவைத் தேடும் வேலை. 2020-இல் அந்த ஸ்டேஷன் செங்கல்பட்டு மாவட்டப் போலீஸின் கீழ் இருந்தது. 2022 ஜனவரி 1-இல் தாம்பரம் கமிஷனரேட் வந்ததும் அங்கே போய்விட்டது. ஸ்டேஷன் ரைட்டர் இரண்டு முறை "நாளைக்கு வாங்க சார்" என்றார். மூன்றாம் முறை பழைய கட்டைப் பிரித்து, 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்ற இறுதி அறிக்கையைக் காட்டினார். அது பற்றிய தகவல் பையனுக்கு வரவே இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு சர்டிஃபைட் காப்பி வாங்கினேன். இந்த வழக்கில் நான் செய்த உருப்படியான வேலை என்றால் அதுதான்.

இன்னொரு வேடிக்கை உண்டு. 188-ஆம் பிரிவுக்குப் போலீஸ் தாமாக எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது, உரிய அதிகாரி எழுத்துமூலம் கோர்ட்டில் புகார் தர வேண்டும் என்று ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவாக எழுதிவிட்டார். அப்பா இதைப் பிடித்துக்கொண்டார். "செல்லாத கேஸ்னா 'இல்லை'ன்னு எழுதலாம்ல?" ரத்தாகும்வரை செல்லாத எஃப்.ஐ.ஆரும் எஃப்.ஐ.ஆர்தான் ஐயா என்றேன். குவாஷ் மனுப் போட்டு உத்தரவு வாங்க மாதங்கள் ஆகும். ஃபார்ம் கொடுக்க ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் பிடிவாதமாக நின்றதற்குப் பழைய காரணம் ஒன்று. பல வருஷம் முன்பு, கோயில் திருவிழாத் தகராறில் மாட்டிய ஒரு பையன் என்னிடம் வந்தான். புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலை. காவலர் தேர்வில் ஜெயித்தவன், விடுதலைதானே என்று 'இல்லை' போட்டுவிட்டான். தமிழ்நாட்டுப் போலீஸ் விதியில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ கிடைத்த விடுதலை, வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே கணக்கு. 2008-இல் மணிகண்டன் வழக்கில் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அந்த விதியை நிலைநிறுத்திவிட்டது. எங்கள் மனு தள்ளுபடி. இப்போது அவன் பெருங்களத்தூரில் வாட்டர் கேன் வண்டி ஓட்டுகிறான். பார்த்தால் கையசைப்பான்.

ஃபார்ம் ஆங்கிலத்தில் இருந்ததால் புரியவில்லை என்று தப்பிக்கவும் முடியாது. கேந்திரிய வித்யாலயா உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இதே 12-ஆம் கேள்விக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தார். இத்தனை பட்டம் வாங்கியவர் சொல்லும் பேச்சா இது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரி இல்லை. 2011-இல் டெல்லி ஹெட் கான்ஸ்டபிள் தேர்வில் வழக்கை மறைத்த இளைஞருக்கு இரங்கிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, தீர்ப்பிலேயே விக்டர் யூகோ நாவலின் நாயகன், ரொட்டி திருடியதற்காக வாழ்நாளெல்லாம் திருடனாகவே பார்க்கப்பட்ட ழான் வால்ழானைக் கொண்டுவந்தார். நம்மவர்களுக்கு அந்த நாவல் 'ஏழை படும் பாடு'. 1950-இல் வந்த படத்தில் நாயகனை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்துத்தான் சீதாராமன், ஜாவர் சீதாராமன் ஆனார். வெரிஃபிகேஷன் ஏட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் ஞாபகம் வரும்.

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே பாலம் போட்டது 2016 ஜூலை 21 அன்று வந்த அவ்தார் சிங் தீர்ப்பு, மூன்று நீதிபதிகள் அமர்வு. இளவயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப விஷயம் மறைக்கப்பட்டிருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை, முன்கதையை எடைபோட அவருக்கு உரிமை உண்டு. இதை அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். நீண்ட நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையனே பேனாவை எடுத்தான். எஃப்.ஐ.ஆர்., ஆம். கைது, ஆம், அன்றே நிலையப் பிணை. நிலுவை, இல்லை. நகல்கள் இணைப்பு.

எதிர்பார்த்தபடி டிசம்பரில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இரண்டு மாலைகள் என் அறையில் ஒத்திகை. முதல் நாள் தேசபக்தியில் தொடங்கினான், நிறுத்தச் சொன்னேன். "சின்ன கேஸ் சார்" என்றான். சின்னதா பெரியதா என்பதை அவர்கள் சொல்லட்டும் என்றேன். போலீஸைக் குறை சொல்லாதே, தேதி, பிரிவு, நடந்தது, முடிவு, அவ்வளவுதான். பிறகு, "அன்னைக்கு எதுக்கு வெளியே போனே?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க."

"எந்தக் கடை?"

பதில் இல்லை. ரசீது இருக்கா, கடை திறந்திருந்ததா, வீட்டுப் பக்கத்தில் மருந்துக்கடை இல்லையா? மூன்றாவது கேள்வியில் உடைந்துவிட்டான். நண்பன் வீட்டுக்கு கேரம் ஆடப் போயிருக்கிறான். மாத்திரைக் கதை அப்பா சொல்லிக்கொடுத்தது. மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவனே நம்பத் தொடங்கியிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் பாதி, முதல் நாளே இதைக் கேட்காத என்மேல் பாதி.

"அந்த ரூம்லயும் இதையே கேப்பாங்க. கேரம்னு சொல்லு."

வக்கீலுக்கு உள்ளே அனுமதி கிடையாது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து வந்தான். அதைத்தான் கேட்டார்களாம். சொன்னானாம். கேள்வி கேட்ட மூன்று பேரில் ஒருவர் குறித்துக்கொண்டாராம், யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

2024 ஏப்ரலில் நியமன ஆணை வந்தது. கூடத் தேர்வானவர்கள் அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

ஊரடங்குக் காலத்தில் பைக் பறிபோன பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்த வண்டி ரசீதைத் தேடி எடுத்து எண்ணைப் பாருங்கள். வேலை வந்த பிறகு ஒன்பது நாள்தான் கிடைக்கும்.