ஏரிக்கு வைத்த மொய்

2018 நவம்பர் 16. கஜா புயல் அடங்கியதும் அப்பா கதவைத் திறந்தார். தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம். சாய்ந்து கிடந்த தென்னைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். அதுவரை எதை வைத்துப் பிழைப்பது?

எங்கள் பேராவூரணிப் பக்கம் காவிரியின் கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டாலும் எங்களிடம் வந்து சேரும் என்ற உறுதி கிடையாது. தோப்பும் போனதும் பலர் பிழைப்புத் தேடி ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

அந்த நேரத்தில்தான், 2019-ல், இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்ற பெயரில் சேர்ந்து, வரும் தண்ணீரையாவது தேக்கிவைக்க, பேராவூரணி பெரியகுளம் ஏரியைத் தூர்வார இறங்கினார்கள். பொக்லைன் வாடகைக்கும் டீசலுக்கும் மக்களே பணம் கொடுத்தார்கள். எங்கள் தெரு அப்பாயி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருண்டிருந்த நூறு ரூபாய்த் தாளை நீவி நீட்டினார். "எழுதிக்க தம்பி, ஏரிக்கு என் மொய்யி."

எங்கள் பக்கத்து மொய் விருந்து தெரியும்தானே? ஆடியில் இலை போட்டு, வந்தவர் தரும் பணத்தை நோட்டில் எழுதி, நொடித்தவரைக் கைதூக்கி விடும் ஏற்பாடு. வாங்கியதைத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். ஏரியும் முன்னோர் நமக்கு வைத்த மொய்தான். அதை நம் பிள்ளைகளுக்குத்தான் திருப்பிச் செய்யவேண்டும்.

அப்பா வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. உங்கள் ஊர்க் குளத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய்ப் பாருங்கள், உறவுகளே.