மூன்று சின்னப் பாலங்கள்

விடியற்காலை ஐந்து மணி. கம்மவான்பேட்டை. வேலூர்ப் பக்கம் ராணுவப்பேட்டை என்றும் சொல்கிறார்கள். மைதானத்தில் இன்னும் இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் ஷூ லேஸ்களை முடிகிறார்கள்.

இரண்டு வரிசை. ஒன்றில் பையன்கள். இன்னொன்றில் பெண்கள். பெண்கள் வரிசை சின்னது.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் விசிலை வாயில் வைக்கிறார். 1.6 கிலோமீட்டர். ராணுவ போலீஸில் சேர வேண்டுமென்றால் ஒரு பெண் இதை எட்டு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். பிறகு பத்தடி நீளம் தாண்ட வேண்டும். மூன்றடி உயரம் தாண்ட வேண்டும். ஆள் 162 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்த உயரத்துக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு. ஓடப் போகிற ஒவ்வொருத்தியும் கோட்டருகே ஒருமுறை நிற்கிறாள். குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று தோழி குனிந்து பார்க்கிறாள்.

சுவரோரம் ஒரு பெரியவர். முதுகு சுவரில். முகம் நுழைவாயில் பக்கம். யார் உள்ளே வந்தாலும் முதலில் கைகளைப் பார்க்கிறார். பிறகுதான் முகத்தை. அவர் மடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பேத்தியுடையது. அவள் ஓடி முடித்து வரும்வரை அதைக் கீழே வைப்பதில்லை.

வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் படங்கள். பெரியவரின் அப்பா, பர்மா சண்டைக்குப் போனவர், மீசையுடன். பெரியவர், இருபது வயதில், தொப்பி சற்றே சாய்ந்து. மருமகன், பனிக்கு நடுவே, கறுப்புக் கண்ணாடியுடன். பெரியவரின் படங்கள் 1986 வரை வருகின்றன. அப்புறம் 1991. நடுவில் ஒன்றுமில்லை.

கட்டிலுக்கடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி. வெள்ளை பெயின்ட்டில் பெயர், நம்பர், யூனிட். பூட்டு இருக்கிறது. சாவி எங்கே என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பகலில் அவர் கண்ணயர்ந்தால் மனைவி கிட்டே போய்த் தொட்டு எழுப்ப மாட்டார். நிலைப்படியிலேயே நின்று, "நான்தாங்க" என்கிறார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "நான்தாங்க." கண் திறந்த பிறகுதான் உள்ளே போகிறார். டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கிறார். மகளும் இப்படித்தான் எழுப்புகிறாள். பேத்தியும் அப்படியே. ஒருத்தி செய்வதைப் பார்த்து அடுத்தவள் படித்துக்கொண்டது.

மனைவியின் காலத்தில் இன்லேண்ட் லெட்டர். படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர். மகள் காலத்தில் வீடியோ கால். அருணாசலத்திலிருந்து கணவன் இரவு எட்டு மணிக்கு வருகிறான், படம் உறைந்து உறைந்து. கேன்டீன் கார்டு, இசிஎச்எஸ் கார்டு, பென்ஷன் பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டு எல்லாம் மகளின் பர்ஸில். பெரியவர் பேத்தியின் ஷூவைத் தேய்த்துக் கழுவி, நாக்கை வெளியே இழுத்து, வெயில் படும் பக்கமாகத் திருப்பி வைக்கிறார். அரை மணிக்கொரு தரம் திசை மாற்றுகிறார்.

பாட்டி பேத்தியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார். "முடிய வெட்டிடுவாங்களா?"

பேத்தியின் மேஜைக்கு மேலே செய்தித்தாளில் வெட்டிய ஒரு வண்ணப்படம். சென்னை பரங்கிமலை, அதிகாரிகள் பயிற்சி அகாடமி. பெண் அதிகாரிகள் வாளேந்தி நடக்கிறார்கள். 1992 முதல் பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் நடக்கிற மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணத்துக் கந்தரோடை அருகே மார்பில் குண்டு. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. படத்துக்குக் கீழே அச்சான வரிகளில் இதெல்லாம் இல்லை.

பெரியவர் அந்தப் படத்தைக் கடக்கும்போது பெண்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் காலுக்கடியில் இருக்கும் தரையைப் பார்க்கிறார்.

1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அக்டோபரில் சண்டை. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திரிகோணமலையை விட்டுக் கிளம்பியது. திரும்பாத சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். அங்கே செத்த ஊர் ஜனங்கள் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. திரும்பியவர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் பஸ் பிடித்து ஊருக்கு வந்தார்கள்.

இன்று வாழ்வுச் சான்று கொடுக்கும் நாள். பேத்தி ஸ்கூட்டரை எடுக்கிறாள். பெரியவர் பின்னால் உட்காருகிறார். முழங்கால் மேல் ஆவணக் கவர்.

மெயின் ரோடு போகும் வழியில் ஒரு சின்னப் பாலம். அடியில் குழாய், கொஞ்சம் தண்ணீர், எருக்கஞ்செடி. பேத்தி பத்தடி முன்பே பிரேக் போடுகிறாள். பெரியவர் இறங்குகிறார். ஓரமாகப் போய்க் குனிந்து குழாய்க்குள் பார்க்கிறார். எதிர்ப்பக்கமும் பார்க்கிறார். பிறகு ரோட்டின் நட்டநடுவில் நடந்து பாலத்தைக் கடக்கிறார். பேத்தி வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல் நிற்கிறார். ஊர்க்காரர்.

இரண்டாவது பாலத்திலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே.

லாங் பஜாரில் ஸ்கூட்டர் நகர வழியில்லை. மணிக்கூண்டுப் பக்கம் காய்கறி மூட்டைகள். மணிக்கூண்டில் ஒரு பழைய கல். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போனவர்கள் 277 பேர், உயிர் கொடுத்தவர்கள் 14 பேர் என்கிறது. கல்லில் பெயர்கள் இல்லை. வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதும் இல்லை. பேத்தி அதைப் படிக்கிறாள். பெரியவர் மூட்டைகளைப் பார்க்கிறார். ஒவ்வொன்றாக.

பொதுச் சேவை மையம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு பெஞ்சு. டோக்கன் 23. பெரியவர் பெஞ்சின் ஓரத்தில், சுவரில் முதுகு படும் இடமாகப் பார்த்து உட்காருகிறார்.

ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் வருகிறார். மேல்மொணவூர் அகதிகள் முகாமிலிருந்து. கையில் மகளின் கல்லூரிச் சான்றிதழ்கள், பாலிதீன் கவரில். இருக்க இடமில்லை.

"ஐயா, கொஞ்சம் அரக்கி இருங்கோ."

பேத்தி புரியாமல் நிமிர்கிறாள். பெரியவர் ஏற்கெனவே நகர்ந்துவிட்டார். கை முழங்காலை இறுகப் பிடித்திருக்கிறது. விரல் கணுக்கள் வெளுக்கின்றன.

பிரின்டர் இரண்டு தாள் தள்ளுகிறது. 19 எழுந்து போகிறது. 20 போகிறது.

"யாழ்ப்பாணமா?" என்கிறார் பெரியவர். சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஓம். உரும்பிராய். தொண்ணூறில வந்தனாங்கள்." அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறார். நரைத்த ஒட்ட வெட்டிய முடி. நிமிர்ந்த முதுகு. பாலிஷ் போட்ட ஷூ. "ஐயா அங்க வந்திருக்கிறியளோ?"

"எண்பத்தேழுல."

பாலிதீன் கவர் மடியின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறுகிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறார். எழுந்துபோய்விடுவார் போலிருக்கிறது. எழவில்லை.

"எங்க நிண்டனீங்கள்?"

பேத்தி செல்போனை மடியில் கவிழ்த்து வைக்கிறாள்.

"கோப்பாய்."

"பக்கத்திலதான்." கொஞ்ச நேரம். "எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. நல்லூர்க் கோயிலுக்குள்ள இருந்தனாங்கள். சரியான சனம். செல் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணா சாமான் எடுக்க எண்டு வீட்டுக்குப் போனவர். வரேல்ல."

பெரியவர் கவரைப் பிரிக்கிறார். மூடுகிறார். மறுபடி பிரிக்கிறார். ஆதார் அட்டை கீழே விழுகிறது. அந்தப் பெண்ணே குனிந்து எடுத்துக் கொடுக்கிறார்.

"கோயில்ல தண்ணி இருந்துதாம்மா?"

"கிணறு இருந்தது. சாப்பாடுதான் இல்லை."

"செக்போஸ்ட்ல என்னதான் நிக்க வெப்பாங்க. தமிழ் தெரியும்னு. அம்மாங்க எல்லாம் எங்கிட்டதான் வந்து கேப்பாங்க. புள்ளை எங்கே, புள்ளை எங்கேன்னு. நான் இந்தில சொல்லுவேன். அதுக்கு ஆபீசர் என்ன சொன்னாரோ அதைத் திருப்பி…" நிறுத்துகிறார். எச்சில் விழுங்குகிறார். "ஒரு அம்மா, கோப்பாய் ரோட்டுல…"

பேத்தி தாத்தாவின் வாயையே பார்க்கிறாள்.

"டோக்கன் 23! லைஃப் சர்டிஃபிகேட்! பெரியவரே, கட்டைவிரல் வைக்க வாங்க."

"அடுத்தவங்களக் கூப்பிடுங்கக்கா" என்கிறாள் பேத்தி. "தாத்தா பேசிட்டிருக்காரு."